பதினான்கு பாட்டில் தோல் தண்ணீர்

திருப்பதி
2.2.2025, ஞாயிறு, காலை 6.40
சமையல் மேடைக்கு அடியில் இருக்கும் பாட்டில்கள்: பதினான்கு

ரோஹிணி,

மேலே இருக்கும் கணக்கு, வீடு துடைக்க நீ ஊறவைத்திருக்கும் சாத்துக்குடித் தோல் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு. நீ புதன்கிழமை உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பியதிலிருந்து அவற்றை யாரும் தொடவில்லை. நேற்று இரண்டு பாட்டில் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. ஒன்றைத் திறந்தேன். மூடி கூரையில் அடித்தது. சட்டை முழுக்கச் சாத்துக்குடி நாற்றம்.

உங்கள் சித்தூர்த் தெரு சுந்தரி அக்காவை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பத்து நாள் தொண்டைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும், போனில் பேசினால் உனக்கு இருமல் வந்துவிடுகிறது என்றும் சொன்னார். மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. அதையும் கேட்டேன். "மெசேஜ்ல நீ அவ முடிக்கிறதுக்குள்ள பதில் அடிக்கிறியாமே? பேப்பர்ல எழுதச் சொல்றா. பேப்பர் நடுவுல பூந்து பேச முடியாது பாரு" என்றார். தினமும் சித்தூரிலிருந்து திருப்பதி பாங்க் வேலைக்கு வந்து போகிறவர், ஆகவே கொண்டுவந்து கொடுப்பாராம். "நான் இன்னா தபால் ஆபீசா?" என்றும் கேட்டார். இரண்டையும் ஒரே மூச்சில்.

சரி. எழுதுகிறேன். விஷயம் மூன்று.

ஒன்று, உனக்கு மூச்சு அடைத்ததற்குக் காரணம் இந்தப் பாட்டில்கள். மூன்று மாதம் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் அழுகவிட்டால் பூஞ்சை வரும். உனக்கு ஏற்கெனவே வீசிங். ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இரண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிடவா? மூன்று, உன் பள்ளிக்கூடத்து சுமித்ரா மேடம் போன் செய்தார். பதினேழாம் தேதி வேலைக்கு வருகிறாயா என்று கேட்கிறார். அடுத்த ஞாயிறு வந்துவிடு. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

யோகேஷ்


சித்தூர்
4.2.2025

மாமா,

உன் கடிதத்தை அம்மா எனக்கு முன்னால் படித்துவிட்டாள். "மூச்சு எப்படி இருக்குன்னு ஒரு வரி இல்லியே, என் அண்ணன் பெத்த புள்ளைக்கு" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவன் நீ. நகரியில் உங்கள் வீட்டில் யாரும் யாரையும் நலம் விசாரித்து நான் கேட்டதில்லை. சத்தத்தை மீறிக் காதில் விழுந்தால் போதும் என்றுதான் எல்லோரும் பேசுவீர்கள்.

மூச்சு பரவாயில்லை. குரல் இல்லை. அம்மாவிடம் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன்.

இப்போது நீ சொன்ன காரணத்துக்கு வருகிறேன். அந்தத் தண்ணீரை இரண்டு வருடமாகச் செய்கிறேன். கடை பினாயிலுக்கு இருமுகிறேன் என்றுதானே ஆரம்பித்தேன்? ஜூஸ் கடைக்காரரிடம் சாத்துக்குடித் தோலைக் கேட்டு வாங்கி வந்தபோது நீ அவர் முன்னாலேயே "ஊறுகாத் தண்ணி போட்டு வூடு தொடைக்கப் போறா" என்று சிரித்தாய். சிரித்துக்கொள். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அதனால் எனக்கு வீசிங் வந்ததில்லை.

அன்று நடந்தது உனக்கு ஞாபகம் இல்லையென்றால் நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூம் தரையில் வழக்கம்போலத் தோல் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, சப்பாத்தி மாவு பிசையப் போனேன். உன் அம்மா மதியம் நகரியிலிருந்து வருகிறார், மறுநாள் மலைக்குத் தரிசனத்துக்குப் போகிறார் என்று நீ பரபரத்துக்கொண்டிருந்தாய். நான் வாளியை எடுக்கக் குனிந்தபோது அந்தத் தரை முழுக்க உன் பிளீச்சிங் பவுடர். கண் எரிந்தது. அதற்கப்புறம் ஆட்டோதான் ஞாபகம் இருக்கிறது. ஆகவே காரணம் என் பாட்டில் இல்லை, உன் பவுடர்.

கொட்டாதே. முதல் மாதத்துப் பாட்டில்களைத் தினமும் ஒரு முறை மூடியைத் தளர்த்திக் காற்றைவிட வேண்டும். மேடையின் வலது ஓரம் இருப்பவை அவைதான். இல்லாவிட்டால் வெடிக்கும். அப்புறம் அதற்கும் என்னைச் சொல்வாய்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேண்டுமாம். அம்மா வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை எழுதப் பிடிக்கவில்லை.

ரோஹிணி


திருப்பதி
6.2.2025, வியாழன்

ரோஹிணி,

மூச்சு எப்படி இருக்கிறது? (அத்தைக்குக் காட்டு.)

பிளீச்சிங் பவுடர் காரணமாக இருக்க முடியாது. அம்மா நகரியில் இருபது வருடமாக அதைப் போட்டுத்தான் தொட்டி கழுவுகிறாள். நான் போட்டது இரண்டு கைப்பிடி, அரை வாளித் தண்ணீரில். ஊர் முழுக்கத்தான் போடுகிறார்கள். அதனால் மூச்சு அடைத்திருந்தால் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

சண்டை போட்டுப் பயனில்லை. அளந்து பார்த்துவிடலாம் என்று உன் பாட்டில் ஒன்றை நேற்று எங்கள் பால் கம்பெனி லேபுக்கு எடுத்துப்போனேன். பூஞ்சை சோதனைக்கு வைத்திருக்கிறேன். ஐந்து நாளாகும். வந்ததும் ரிப்போர்ட் அனுப்புகிறேன், நீயே பார்.

அன்று வர வேண்டாம் என்று நான் நிறுத்திவைத்த அம்மா, திங்கட்கிழமை வந்து மலைக்குப் போய்விட்டு ஊருக்குப் போய்விட்டாள். வந்ததும், "மருமவ எங்கடா?" என்றாள். சித்தூர் போயிருக்கிறாள் என்றேன். "நான் வந்துகினு இருக்கேன்னு தெரிஞ்சும் போனாளா?" என்றாள். உனக்கு உடம்பு சரியில்லை என்றேன். "நீ இன்னா செஞ்ச?" என்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். "அதான்டா கேக்குறேன்" என்றாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

7.2.2025, வெள்ளி

இந்தக் கடிதத்தை நேற்று சுந்தரி அக்காவிடம் கொடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

இன்று காலை சோதனைக்கு வைத்த பாட்டிலில் மிச்சம் இருந்ததில் சும்மா ஒரு அமிலத் தாள் நனைத்தேன். ஆரஞ்சு நிறம் வரும், லேசான புளிப்பு என்று குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாள் சிவந்தது. பி.எச். மீட்டரில் வைத்தேன். மூன்று புள்ளி ஒன்று. ரோஹிணி, அது எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுவிடும் தூரம். நீ தரையில் ஊற்றியது தண்ணீர் இல்லை. அமிலம்.

எங்கள் கம்பெனியில் பால் குழாய் கழுவும் இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. சிவப்பு எழுத்து. அமிலம் ஓடிய குழாயை நல்ல தண்ணீரில் அலசாமல் குளோரின் விடக்கூடாது, விட்டால் விஷவாயு வரும் என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதியிருக்கும். அந்தப் பலகையை எழுதி மாட்டியது நான். போன வருடம் ரமணா என்று ஒரு ஆபரேட்டர் அலசாமல் விடப் போனான் என்று அவனிடம் எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவன் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை.

லேபில் வாயுவை வெளியே இழுக்கும் பெட்டிக்குள் இரண்டு சொட்டுத் தோல் தண்ணீரும், அதே குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் ஒரு சிட்டிகையும் சேர்த்தேன். அன்று பாத்ரூமில் அடித்த அதே வாசனை வந்தது. அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு கிடக்கும். நீ வாளிக்குக் குனிந்தாய். நான் நின்றுகொண்டிருந்தேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொசு வருகிறது என்று பாத்ரூம் ஜன்னலைத் தெர்மாகோல் வைத்து அடைத்தது யார் என்று நீ கேட்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அதைப் பிய்த்து எறிந்துவிட்டேன்.

ஆகவே காரணம் உன் பாட்டில் மட்டும் இல்லை. என் பவுடர் மட்டும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று. நீ தரையில் எதையோ ஊற்றியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஈரத்தைப் பார்த்தேன், மணமும் வந்தது. ஊறுகாய்த் தண்ணீர்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அதே தரையில் கம்பெனி அமிலம் ஒரு சொட்டு கிடந்திருந்தால் நான் உள்ளே கால் வைத்திருக்கமாட்டேன்.

தப்பு என்னுடையது. காரணம் கண்டுபிடித்தாயிற்று. இனிமேல் இது நடக்காது. ஆகவே ஞாயிறு வந்துவிடு.

யோகேஷ்


சித்தூர்
9.2.2025

மாமா,

உன் கடிதத்தில் கடைசி வரி வந்ததும் சிரித்துவிட்டேன். சிரிப்பு இருமலாகி அம்மா ஓடி வந்து முதுகைத் தடவினாள். காரணம் கண்டுபிடித்தாயிற்று, ஆகவே வந்துவிடு. கணக்கு டீச்சர் நான்தான், ஆனால் இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது என்று எனக்கே பிடிபடவில்லை.

தப்பு உன்னுடையது என்று எழுதியதற்கு நன்றி. உன் கையெழுத்தில் அந்த வார்த்தையைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ஆனால் முழுவதும் நீயே எடுத்துக்கொள்ளாதே. நானும் எந்தப் பாட்டிலிலும் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியதில்லை. பழைய கூல்ட்ரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி அப்படியே வைத்துவிடுவேன். பாத்ரூமில் ஊற்றியிருக்கிறேன், உள்ளே போகாதே என்று அன்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு வரும் என்று சொல்லவில்லை. பவுடரும் இதுவும் சேரக் கூடாது என்று எனக்கும் தெரிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

எழுதப் பிடிக்கவில்லை என்றேனே, அதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நீ இன்னும் ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டே இருப்பாய்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். தொண்டை முழுக்கப் புண். எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர். கஞ்சி வேண்டும் என்று கையால் காட்டினேன். நீ பார்த்தாய், தலையை ஆட்டினாய். அப்புறம் மேடைக்கு அடியில் உட்கார்ந்து பாட்டில்களைப் போட்டோ எடுத்தாய். உன் லேப் நண்பனிடம் போனில் பூஞ்சையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாய். நான் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன ஆயிற்று என்று நீ அவ்வளவு அக்கறையாகப் பேசுகிறாய், அடுத்த அறையில் நான் இருப்பது மட்டும் உனக்கு மறந்துவிட்டது. அப்புறம் கதவு தட்டினார்கள். பிரியாணி பார்சல். "துன்னு, தெம்பு வரும்" என்றாய்.

மறுநாள் நான் சித்தூர் பஸ் ஏறியது வாயுவுக்குப் பயந்து இல்லை மாமா. கஞ்சிக்காக.

அம்மா பச்சைப்பயறும் நொய்யும் போட்டுக் குழைய வேகவைத்து, சீரகம் தட்டிப் போட்டு, ஆறவைத்து ஸ்பூனில் ஊட்டினாள். ஊட்டும்போது உன்னைத் திட்டினாள். "பால் கம்பெனில வேல. ஒரு டம்ளர் பால காச்சத் தெரியுமா அவனுக்கு?" நான் சிலேட்டில் 'தெரியும்' என்று எழுதினேன். உண்மையில் எனக்குத் தெரியாது. தெரியுமா?

வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அவகாசம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ரோஹிணி

உன் அம்மா கேட்டதற்கு அர்த்தம் எனக்குப் புரிகிறது. இந்நேரம் உனக்கும் புரிந்திருக்கும்.


திருப்பதி
11.2.2025, செவ்வாய்

ரோஹிணி,

பால் காய்ச்சத் தெரியும். பொங்கவிடுவேன், அவ்வளவுதான்.

இதனுடன் பிளாஸ்கில் இருப்பது கஞ்சி. அன்று நீ கை காட்டியது எனக்குப் புரிந்தது. எப்படி வைப்பது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வரவில்லை. தெரிந்த வேலையைச் செய்தேன், அதாவது போன்.

நேற்று மாலை முதல் தடவை குக்கரில் வைத்தேன். பயறு மூடி வழியாக வெளியே வந்து அடுப்பு முழுக்கப் பச்சை. இரண்டாவது தடவை பாத்திரத்தில். அடி பிடித்தது. மாடி வீட்டு வேங்கடலக்ஷ்மி மாமி வாசனை பிடித்து இறங்கி வந்தார். "என்னத்தடா கருக்கறே?" என்றார். கஞ்சி என்றேன். "பாத்திரத்துக்கு முன்னாடி நில்லேன். கலக்கிவிட்டுண்டே நில்லு. கையில போன் எதுக்கு?" என்றார். செய்முறையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

இன்று காலை மூன்றாவது தடவை. நாற்பது நிமிடம் நின்றேன். நின்றுகொண்டு ஒன்றும் செய்யாமல் கலக்குவது ரொம்ப எரிச்சலான வேலை. இதை நீ தினமும் செய்கிறாய்.

நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். சூடாக இருக்கும். பிளாஸ்கைச் சுந்தரி அக்கா சாயங்காலம் வரைக்கும் பாங்கில் வைத்திருப்பார், ஐந்தே முக்கால் பஸ்ஸில் உன்னிடம் வரும். கொட்டாமல் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "ஒன் பொண்டாட்டிக்குக் கஞ்சி தூக்கறதுக்கா நான் பாஸ் எடுத்து வெச்சிருக்கேன்?" என்றும் சொன்னார்.

வா என்று இந்தத் தடவை எழுதவில்லை.

யோகேஷ்


சித்தூர்
12.2.2025

மாமா,

உப்பு போடவில்லை நீ. சீரகத்தைத் தட்டாமல் முழுசாகப் போட்டிருக்கிறாய், பல்லில் மாட்டியது. நொய் இல்லாமல் சோற்று அரிசியைப் போட்டிருக்கிறாய் என்று அம்மா கண்டுபிடித்தாள். பிளாஸ்கைத் திறந்ததும் ஆவி வந்தது. முழுவதும் குடித்துவிட்டேன். அம்மா ஒரு வாய் கேட்டாள், கொடுக்கவில்லை. "பெரிய அமிர்தம்" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் வந்து, "நாப்பது நிமிஷம் நின்னானாமா?" என்று கேட்டாள். சுந்தரி அக்காவின் கையிலிருந்து எந்தக் கடிதமும் ஒட்டின நிலையில் வருவதில்லை போலிருக்கிறது.

இன்று சின்னக் குரல் வருகிறது. ஆண்பிள்ளைக் குரல்.

நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உன்மேல் இருந்த கோபம் அந்தப் பிளாஸ்கோடு ஏறக்குறைய முடிந்துபோயிற்று. பயம் முடியவில்லை. தூக்கத்தில் அந்த வாசனை வருகிறது. எழுந்து உட்கார்ந்து மூச்சை விட்டுப் பார்க்கிறேன். அந்த வீட்டின் வாசலில் நின்று கதவைத் திறப்பதாக நினைத்துப் பார்க்கிறேன், நினைப்பிலேயே என்னால் உள்ளே காலை வைக்க முடியவில்லை. நீ ஜன்னலைத் திறந்துவிட்டாய், பவுடர் இல்லை, எல்லாம் தெரியும். தெரிந்தும் முடியவில்லை. இதை உன்னிடம் சொன்னால் "அதுல இனிமே ஒண்ணும் இல்ல, நான் செக் பண்ணிட்டேன்" என்பாய். தயவுசெய்து அதைச் சொல்லாதே.

சித்தூர்ப் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை வரை நேரம் கேட்டேன். கொடுத்தார்கள். சுமித்ரா மேடத்துக்கும் திங்கட்கிழமைதான் கடைசி. இங்கே சரி என்றால் உன்னை விட்டு இருக்க வேண்டும். அங்கே சரி என்றால் அந்தக் கதவு. உன்னிடம் நியாயம் கேட்கவில்லை. இப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

ரோஹிணி


திருப்பதி
13.2.2025, வியாழன், காலை 5.50

ரோஹிணி,

சொல்லமாட்டேன். செக் செய்துவிட்டேன் என்று எழுத ஆரம்பித்து, உன் கடிதத்தை மறுபடி படித்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் பாத்ரூம் கதவை மூடிக்கொண்டு உள்ளே பத்து நிமிடம் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நீ குனிந்த உயரத்தில். ஒன்றும் இல்லை, நல்ல காற்றுதான். ஆனாலும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இதற்கு மீட்டர் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது.

யோசித்தேன். கதவு எனக்கு முக்கியமில்லை. அந்த வீடும் முக்கியமில்லை, வாடகை வீடு. பங்காருபாளையத்தில் எங்கள் கம்பெனியின் பால் குளிரூட்டும் நிலையம் இருக்கிறது. மாந்தோப்புக்கு நடுவில், ஒரு ஷெட், ஒரு சின்ன லேப். அங்கே போக யாரும் கேட்பதில்லை. நானும் சிரித்திருக்கிறேன், அங்கே போனால் அத்தோடு பதவி உயர்வை மறந்துவிடலாம் என்று. சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம். நேற்று ராத்திரியே மேனேஜரிடம் போனில் கேட்டேன். "பிச்சா நீக்கு?" என்றார் தெலுங்கில். பைத்தியம் இல்லை என்றேன். எழுத்தில் கொடு, பார்க்கலாம் என்றார்.

இனி நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி முடியும். இரண்டரை பஸ்ஸில் சித்தூர் வருகிறேன்.

2. நேராக வீட்டுக்கு வரமாட்டேன். நாலே முக்காலுக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மெசேஜ், ஒன்றே ஒன்று. நீ 'வா' என்றால் வருவேன்.

3. வந்தால் முதலில் நீ பேசு. குரல் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. நீ முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். அத்தை திட்டினாலும்.

4. பங்காருபாளையத்துக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பம் எழுதியாயிற்று, தேதி மட்டும் போடவில்லை. உனக்குச் சித்தூர்ப் பள்ளிக்கூடம் என்றால் திங்கள் காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் மேசையில் இருக்கும்.

5. சுமித்ரா மேடத்தின் பள்ளிக்கூடம்தான் என்றால் ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருப்பதியில் வேறு வீடு பார்க்கிறோம். கதவை நீ திறந்து பார்த்து, உள்ளே கால் வைக்க முடிகிற வீடு. பழைய வீட்டைக் காலி செய்ய நீ வர வேண்டாம்.

6. இரண்டில் எதுவும் இப்போது சொல்ல முடியவில்லை என்றால், ஏழு பத்து பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அடுத்த சனிக்கிழமை அதே இரண்டரை பஸ்.

7. அதற்கு அடுத்த சனிக்கிழமையும். இதற்கு மட்டும் கடைசித் தேதி போடவில்லை.

யோகேஷ்